நடப்பவர் விளக்கு எரிந்தால் என்ன செய்யலாம்?

சேக்காட்டிலிருந்து ஆவடி மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள் டேஷ்போர்டில் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதா? அதில் ஒரு காரும், அதன் முன்னால் ஒரு ஆளும் தெரிகிறார்களா? பதறாதீர்கள். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, பெட்ரோல் இருக்கிறது, ஏசி ஜில்லென்று வருகிறது. கார் மோதினால் நடந்து போகிறவரைக் காக்கும் அமைப்பில்தான் கோளாறு. ஆபத்து உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான். சாவகாசமாக மேற்கொண்டு படிக்கலாம்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு சொகுசு கார் என்றால், பானெட் தூக்கும் வகையாக இருக்கலாம். முன் பம்பருக்குள் சென்சார் இருக்கும். கால் மோதியது தெரிந்ததும் துளி வெடிமருந்து வெடித்து, பானெட்டின் பின்பக்கத்தைச் சட்டென்று மேலே தூக்கிவிடும். வந்து விழுகிறவரின் தலைக்கும் கீழே இருக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். 2012-ல் வந்த வோல்வோ வி40 இன்னும் ஒரு படி மேலே போய், முன் கண்ணாடிக்கு வெளியே நடப்பவருக்கென்றே ஒரு ஏர்பேக் வைத்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக நாம் காசு கொடுக்கும் பலூன். நம் ஷோரூமில் சொல்லிப் பாருங்கள், அதை எடுத்துவிட்டு ஃப்ளோர் மேட் போட்டுத் தரமுடியுமா என்று கேட்பார்கள்.

இந்த பானெட் பல கார்களில் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் வேலை செய்யும். காலை ஒன்பது மணிக்கு சி.டி.எச். எனும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அந்த வேகத்தைத் தொடுவது எப்படி என்பதற்குத் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டும்.

இரண்டாவது வகை, கேமராவும் ரேடாரும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துத் தானே பிரேக் போடுவது. 2021-ல் எக்ஸ்யூவி700 வந்த பிறகு இது நம் தெருக்களிலும் சகஜமாகிவிட்டது. இதில் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பார்வை மறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். ஆனால் எதைத் துடைப்பது? ஆயுத பூஜைக்கு அள்ளி அப்பிய சந்தனமும் குங்குமமும் சரியாக ரேடார் மேல் காய்ந்திருக்கும். கண்ணாடியில் கேமராவுக்கு நேர் முன்னால் குலதெய்வம் ஸ்டிக்கர். பம்பரில் எலுமிச்சை மிளகாய். கிரில்லின் இரு பக்கமும் கட்டிய வாழைக்கன்று அவிழ்க்க மனமில்லாமல் இன்னும் தொங்குகிறது. எதிரே என்ன வருகிறதென்று எனக்குத் தெரியவில்லை என்று கார் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். சி.டி.எச். சாலையில் அப்படி ஒப்புக்கொள்வது அது ஒன்றுதான்.

துடைத்தும் போகவில்லையா? மெக்கானிக்கிடம் போங்கள். பம்பரைச் சுற்றி வந்து ஒரு தட்டு தட்டிவிட்டு, "சென்சார்தாண்ணே. கழட்டி வுட்ரலாம், வண்டி சூப்பரா ஓடும்" என்பார். உண்மையில், போன மாதம் பைக்காரன் போட்ட கீறலுக்கு பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தபோது, பம்பரைத் திரும்ப மாட்டுகையில் ஒரு சாக்கெட் சரியாக உட்காராமல் போயிருக்கும். கண்ணாடி மாற்றியவர் கேமராவை மறுபடி அளவு பார்த்து அமைக்காமல் விட்டிருக்கலாம். மழைத் தண்ணீர் ஒயரிங்கில் இறங்கியிருக்கலாம். இதையெல்லாம் தேடினால் நேரமாகும். ஸ்கேனரை மாட்டி எரரை அழித்துவிடுங்கள். பட்டாபிராம் தாண்டுவதற்குள் விளக்கு திரும்ப வரும். திரும்ப அழியுங்கள்.

அழித்து அலுத்துப்போய் ஃப்யூஸையே பிடுங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கார்களில் பானெட் தூக்குவதைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் ஏர்பேக்கைப் பார்த்துக்கொள்வதும் ஒரே கம்ப்யூட்டர்தான். நடப்பவர் தலைக்கு வைத்ததைப் பிடுங்கினால் உங்கள் தலைக்கு வைத்ததும் சேர்ந்தே போகும். இதைச் சொன்னவுடன் பலர் ஒழுங்காக சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், ஆகவே வெளியே சொல்லாதீர்கள்.

பிரேக் வகைக்காரர்களின் புகார் வேறு: "சும்மா சும்மா பிரேக் போடுது." ராங் சைடில் வரும் ஸ்கூட்டர், குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோ, எல்லாவற்றையும் அது நிஜமென்று நம்பிவிடுகிறது. ஸ்கிரீனில் போய் அணைக்கலாம். ஆனால் பல கார்களில் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானே உயிர் பெற்றுவிடும். பல் தேய்ப்பது போல் தினமும் காலையில் ஒரு தரம் அணைத்துப் பழகுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுவோர் முன்னால் பளபளவென்று ஒரு பம்பர் கார்டு மாட்டலாம். நடப்பவரின் காலுக்கும் தலைக்கும் அடி குறைவாகப் படும்படி காரின் முகம் இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 100 என்றொரு விதி இருக்கிறது. அதற்காகக் கம்பெனி மெனக்கெட்டு மெத்தென்று செய்த முகத்துக்கு முன்னால் இரண்டு இன்ச் இரும்புக் குழாய். சென்சாருக்கும் இனி ஒன்றும் சரியாகத் தெரியாது. இந்த கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. கடிதம்தானே.

நடப்பவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவரிடம் சொந்தமாக ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. இந்து கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி வரும் அம்மாவைப் பாருங்கள். ஒரு கையில் கட்டைப்பை, மறு கையை உள்ளங்கை தெரிய உங்கள் பக்கம் நீட்டி, முகத்தை மட்டும் வேறு எங்கோ வைத்துக்கொண்டு விறுவிறுவென்று கடப்பார். பேட்டரி, சென்சார், வாரண்டி எதுவும் கிடையாது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்களில் 32,825 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் கை காட்டினார்கள் என்று அதில் இல்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நல்ல நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையின் மேல் இப்போது யார் பைக் நிற்கிறதென்று பார்த்து, உங்கள் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

கடைசியாக, கறுப்பு இன்சுலேஷன் டேப். சின்னத் துண்டு வெட்டி விளக்கின் மேல் ஒட்டிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. வண்டியை விற்கும்போது மட்டும் கவனம். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். வாங்க வந்தவர் ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் பாதி திருகி, குனிந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தால், டீ சொல்லுங்கள். அப்படியும் எண்ணினால், வேறு ஆளைப் பாருங்கள்.