பை அக்கா

ஈப்போவில் எந்தத் தாமானுக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள், அங்கே ஒரு பை அக்கா இருப்பார். புந்தோங்கில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். பார்த்ததும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு ஏதோ ஒரு கிளினிக்கில் பதிவு எழுத உட்காருகிறவர். மாலையில் பாசார் மாலாமில் கீரைக்கட்டுக்கு 50 காசு குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பவர். மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அவருக்குள் இருக்கும் இன்னொருவர் எழுந்து உட்காருவார்.

கேக்கைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பேக்கரியில் சொன்னால் வரும். மீகூன் கோரேங்கும் கோழிப் பிரட்டலும் சிராப் தண்ணியும் கேட்டரிங்காரர் பாடு. பலூன் ஊதுவது கணவர் பாடு. அக்காவின் மூளை முழுக்க ஒரே இடத்தில்தான் நிற்கும்: கேக் வெட்டி, பாட்டுப் பாடி, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்பும் பை. பார்ட்டி பேக்.

"மிட்டாயை அள்ளிப் போட்டுக் குடுக்க நான் என்ன ஒட்டுக்கடையா வச்சிருக்கேன்? யோசிச்சுக் குடுக்கணும்ங்க" என்பார் கணவரிடம்.

கணவர் தலையாட்டுவார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் "யோசிச்சு" என்றால் செலவு என்று அவர் தெரிந்துவைத்திருக்கிறார்.

அக்காவை ஒரேயடியாகக் கேலி செய்துவிடவும் முடியாது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத நாடு இது. மலாய்க்காரர் கல்யாணத்துக்குப் போனால் காகிதப் பூ கட்டிய அவித்த முட்டை கிடைக்கும், புங்கா தெலோர். சீன வீட்டில் குழந்தைக்கு முப்பது நாள் நிறைந்தால் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை வரும். நம் வீட்டு விசேஷத்தில் தாம்பூலப் பை. பை அக்கா நேற்று முளைத்தவரல்லர், மூன்று மரபும் சேர்ந்து பெற்ற பிள்ளை. என்ன, முட்டையும் வெற்றிலையும் கொடுத்தவர்கள் அதற்காக இரண்டு மாதம் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

முதலில் தின்பண்டம். ஜெல்லி மிட்டாயிலிருந்து ஆரம்பிப்பார். கடையின் மிட்டாய் வரிசை முன்னால் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கும் பெண்ணைப் பார்த்தால் அவர்தான். பன்றித் தோலில் செய்த ஜெலட்டின் என்றால் இடப்பக்க வீட்டு மலாய்ப் பிள்ளைகளுக்கு ஆகாது. சரி, ஹலால் முத்திரை போட்டதை எடுப்போம் என்றால் அது மாட்டு ஜெலட்டின், நமக்கே ஆகாது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி குவான் யின் தெய்வத்தைக் கும்பிடுகிறவர், அவர் வீட்டிலும் மாடு நுழையாது. மீன் ஜெலட்டின் என்று ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடித்தால் சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது. கடைசியில் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் போட்ட மிட்டாய்க்கு வந்து நிற்பார், விலையைப் பார்த்து, எடுத்ததைத் திரும்ப வைப்பார், மறுபடி எடுப்பார். ஒரு ஜெல்லிக் கரடி இந்த நாட்டில் எல்லா வீட்டுச் சம்மதமும் வாங்குவது பெண் பார்க்கும் படலத்தைவிட நீளமானது.

"பேசாம கச்சாங் பூத்தே வாங்கிப் போட்றலாம்லா" என்பார் கணவர். அவர் புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், வேறு யோசனை வராது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே முறுக்கும் ஓமப்பொடியும் பட்டாணியும் வறுத்து, தலையில் தட்டு சுமந்து விற்று, ஒரு கம்பத்துக்கே கச்சாங் பூத்தே என்று பெயர் வாங்கிக் கொடுத்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். பழைய டெலிபோன் புத்தகத்தைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்த கடலையின் வாசனைக்கு வரும்போது அவர் குரலே மாறிவிடும். அக்கா இடையில் கேட்பார்: "வர்ற பிள்ளைங்கள்ல ஒன்னுக்குக் கடலை ஒத்துக்காது. ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிட்டு ஓடுறது, நீங்களா?" கதை அத்தோடு முடியும். தம்பூன் பம்பளிமாஸ் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று கணவரின் நண்பர் ஒருவர் சொன்னதை அக்கா காதில் வாங்கவே இல்லை. நாலு வயதுப் பிள்ளை அதைத் தூக்குமா, அது பிள்ளையைத் தூக்குமா?

தின்பண்டம் முடிந்தால் சாமான். சாமான் வாங்குவதில் அக்கா கெட்டி. பொம்மையில் எம்.சி. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். பொம்மை பாதுகாப்பானது என்பதற்கான முத்திரை அது. வணிக அமைச்சைத் தவிர அதை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே மலேசியர் பை அக்காவாகத்தான் இருக்க வேண்டும். "ரெண்டு வெள்ளி விசிலுக்கு இவ்ளோ நேரம் பார்த்தா எப்படிக்கா?" என்று லிட்டில் இந்தியா கடைப்பையன் ஒருமுறை கேட்டுவிட்டான். "ரெண்டு வெள்ளி விசில்தான் தம்பி முதல்ல தொண்டைக்குள்ள போவும்" என்றார் அக்கா. பையன் அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

பையில் நான்கு பொருள் போடக்கூடாது. சீன வீடுகளில் நான்கு ஆகாது. ஐந்தாவதாக ஒரு அழிப்பான் சேரும். ஆறாவது சேர்ந்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள், ஒற்றைப்படையில் கொடுப்பதுதானே வழக்கம் என்பார்கள். ஏழாவது. இப்படித்தான் ஐந்து வெள்ளியில் தொடங்கும் பை எட்டு வெள்ளி ஐம்பது காசில் வந்து நிற்கிறது. முப்பது பிள்ளைகள். கணவர் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் காடியைத் துடைப்பார்.

அக்காவின் பைகளுக்கு ஒரு வளர்ச்சிப் பாதை உண்டு. மகனின் நாலாம் வயதில் மிட்டாய். ஐந்தாம் வயதில் 'பயனுள்ளதாக' இருக்கட்டும் என்று பென்சிலும் பயிற்சிப் புத்தகமும். பிறந்தநாள் விழாவிலிருந்து வீட்டுப்பாடத்தோடு திரும்பிய அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேன். அதில் இரண்டு பேர் மறுவருடம் வரவில்லை. ஆறாம் வயதில் சுற்றுச்சூழல். ஆளுக்கொரு சிறிய தொட்டி, அதில் மண், மண்ணில் பச்சைப்பயறு, ஓரத்தில் குச்சியில் குத்திய 'என்னை வளர்ப்பாய்' என்ற அட்டை. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தொட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு வீடுபோய்ச் சேரும் என்று நம்பியவர் தாமானிலேயே அவர் ஒருவர்தான். அன்று ராத்திரி முப்பது காடிகளின் பின்சீட்டில் மண். ஒரு தகப்பனார் மூன்று வாரம் கழித்து, சீட் இடுக்கில் பயறு முளைத்திருப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அக்கா அதற்கு இதயக் குறி போட்டார்.

குழு என்றேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. யோசித்துக் கொடுப்பதென்றால் வாங்குகிற பிள்ளை யார், அதற்கு என்ன பிடிக்கும் என்று தெரிய வேண்டும். அக்காவுக்கு வருகிற முப்பதில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர் தெரிந்தால் அதிகம். மற்றவர்கள் கைப்பேசியில் இன்னார் அம்மா, இன்னார் அப்பா என்று பதிவாகியிருப்பவர்கள். அதனால் அக்கா யோசிப்பதெல்லாம் அந்த அம்மாக்களைப் பற்றித்தான். பையைத் திறப்பது பிள்ளை, மார்க் போடுவது தாய். போன மாதம் இன்னொரு வீட்டில் துணிப்பை கொடுத்தார்கள், நாம் பிளாஸ்டிக்கில் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு மாதத் தூக்கம் போகிறது. பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பது சிக்கலான விஷயமே இல்லை: சத்தம் போடுவது பிடிக்கும், ஒட்டிக்கொள்வது பிடிக்கும், அடுத்தவன் பையில் இருப்பது மிகவும் பிடிக்கும்.

இதையெல்லாம் வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருப்பவர் மாமியார். சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவர். 1948 ஜூனில் துரையைச் சுட்டார்களே, அதன் பிறகுதானே அவசரகாலம் வந்தது, அதே எல்பில். அவசரகாலத்தையே பார்த்த தோட்டத்துக்காரர் மருமகளின் அவசரத்துக்கு அசைந்துகொடுக்கவில்லை.

"தோட்டத்துல பிறந்தநாள் எப்படி அத்தை கொண்டாடுவீங்க?"

"எது, தேதி தெரிஞ்சவங்களுக்கா?" என்றார் மாமியார். பாதிப் பேர் பிறந்தது பெரிய வெள்ளம் வந்த வருடம், பழைய கிராணி மாற்றலாகிப் போன வருடம் என்ற கணக்கில்தான். தேதி தெரிந்த வீடு கிராணி வீடு. அங்கே பிறந்தநாள் என்றால் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை, பிறகு லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு மிட்டாய். "நான் சட்டையை மாத்திப் போட்டுகிட்டு ரெண்டு தரம் வாங்கிருக்கேன்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "கிராணியம்மாவுக்குத் தெரியும். என் பேரு, என் தங்கச்சி பேரு, யாருக்குக் காய்ச்சல், எல்லாம் தெரியும். பேசாம குடுப்பாங்க."

பையின் விலையைக் கேட்டபோதுதான் மாமியார் மெல்லுவதை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். அதில் அவருடைய அப்பாவின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம். 1960-இல் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொடங்கிய சங்கம்.

"பத்து வெள்ளி போட்டு எங்கப்பா தோட்டத்துக்குப் பங்காளி ஆனாரு. நீ எட்டு வெள்ளி ஐம்பது காசுக்கு என்னா குடுக்குற, பலூனா?"

அக்கா பதில் சொல்லவில்லை. கணவர் மறுபடி காடியைத் துடைக்கப் போனார்.

ஆனால் மாமியார் அத்தோடு விட்டிருக்கலாம். ஏழாம் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் சுங்கை சிப்புட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், ஒரு சாக்குப்பையோடு திரும்பினார். சுற்றுவட்டாரமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் விட்டுவைத்த பால்மரங்களின் அடியில் பொறுக்கிய ரப்பர் கொட்டை. பளபளவென்று, பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி விழுந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. "காசில்லாத சாமான். ஆளுக்குப் பத்து போடு" என்றார்.

இந்த இடத்தில், பாட்டியின் எளிய பரிசு பிள்ளைகளைக் கவர்ந்தது, நவீன மருமகள் வெட்கினாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நடந்தது வேறு. விழாவன்று மாமியார் பிள்ளைகளைப் போர்ட்டிக்கோவில் உட்காரவைத்து, ரப்பர் கொட்டையை சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்ப்பது எப்படி, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் கையில் சட்டென்று வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். ஏழு வயதுக்காரர்கள் இத்தனை விரைவாகக் கற்றுக்கொண்ட பாடம் வேறு இருக்காது. ஐந்து நிமிடத்தில் போர்ட்டிக்கோவில் ஒரே அலறல். உள்ளே அக்கா, கைப்பேசியில் ரப்பர் கொட்டை என்று தேடி, பருப்பைப் பச்சையாகத் தின்றால் சயனைடு என்று படித்துவிட்டு, கேக் கத்தியும் கையுமாக வெளியே ஓடிவந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த பிறகுதான் சின்னப் பிள்ளைகளும் அழத் தொடங்கின.

"சூடு பட்டாத்தாம்மா அது விளையாட்டு" என்றார் மாமியார்.

கொட்டைகளைப் பறிமுதல் செய்து சாக்கில் கட்டி, பைகளைக் கொடுக்கும் படலம் தொடங்கியது. முப்பது பை, கூடுதலாக ஐந்து. வாசலில் நின்று பாருங்கள், மனித இயல்பு முழுதும் தெரியும். "வீட்டுல சின்னது ஒன்னு காய்ச்சல்ல படுத்திருக்கு, அதுக்கும் ஒன்னு." "இவன் பைல விசில் நீலமா இருக்கு, எங்களுக்குச் சிவப்பு." பிள்ளையே கூட்டி வராத ஒரு மாமா, பேரப்பிள்ளை கோலாலம்பூரிலிருந்து தீபாவளிக்கு வரும் என்று சொல்லி ஒன்று வாங்கிப்போனார். எல்லாம் தீர்ந்த பிறகு பிறந்தநாள்காரன் வந்து நின்றான். "என் பை எங்கம்மா?" எல்லாருக்காகவும் இரண்டு மாதம் யோசித்தவர் அவனை மறந்திருந்தார். அன்று ராத்திரி அந்த வீட்டில் அதிகமாக அழுதவன் அவன்தான்.

ஏழாம் வயதுப் பையின் முக்கியப் பொருள் பென்சில் பெட்டி. உள்மூடியில் வாய்ப்பாடு, மேல்மூடியில் முன்பல் இரண்டும் விழுந்த மகனின் சிரிப்பு, கீழே 'வந்தமைக்கு நன்றி'. ஸ்டிக்கரைச் சிலிபின் சாலைப் பக்கத்து அச்சகத்தில் சொல்லி அடித்தார். நல்ல பசை போடச் சொல்லி இரண்டு முறை போன் செய்தார்.

எட்டு மாதம் கழித்து மெங்லெம்புவில் ஒரு பிறந்தநாள். திரும்பும் வழியில், எல்லாத் தாய்மாரையும் போல, காடி முதல் சிக்னலில் நிற்பதற்குள் அக்கா மகனின் பையை வாங்கிச் சோதனை போட்டார். மிட்டாய், பலூன், ஒரு பென்சில் பெட்டி. மேல்மூடியில் ரோஜாநிற இளவரசி ஸ்டிக்கர், 'ஆறு வயது' என்று. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அக்கா நகத்தால் சுரண்டினார். அடியில் பல்லில்லாத சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஏங்க, இது நம்ம பெட்டிங்க!"

"அப்ப நல்ல பெட்டின்னு அர்த்தம்" என்றார் கணவர், சாலையைப் பார்த்தபடி.

தூக்கிப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியால் துடைத்து, அலமாரியில் அடுத்த வருடச் சாமான்கள் வைக்கும் தட்டில் வைத்தாராம். பெட்டி புதிதாகத்தான் இருக்கிறது. அச்சகத்துப் பசையும் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. இன்னொரு ஸ்டிக்கர் தாங்கும்.