ஊதுகுழல்

கேள்வி: விறகடுப்பில் சமைத்தே எங்களை வளர்த்தவர் அம்மா. பீடி, சிகரெட் வாடையே ஆகாது. அவருக்கு ‘சிஓபிடி’ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறாரே டாக்டர்?

பதில்: அம்மா பீடி ஊதவில்லை, அடுப்பு ஊதினார். ஈர விறகு, கரியேறிய சுவர், கண்ணில் நீர் வழிய கையில் ஊதுகுழல். அந்தப் புகையும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். 2021-ல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் உயிர்களைக் குடித்த நோய் இது. நாமோ, நாலு படி ஏறி மூச்சு வாங்கினால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோம். ஸ்பைரோமெட்ரி கருவியில் தம் கட்டி ஊதினால் நுரையீரலின் நிலை தெரிந்துவிடும். ஓட்டு கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: ‘எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த மெஷின் இருக்கா?’ பதில் சொல்லாமல் அடுத்த வாசலுக்கு விடாதீர்கள்.