ஒன்பது பர்சென்ட் அண்ணாச்சி

மேலகரத்தில் அண்ணாச்சி வீட்டுமனை வாங்கப்போகிறார். 2016-லிருந்து வாங்கப்போகிறார். பேங்கில் பணம் இருக்கிறது, மதினிக்கு ஆசை இருக்கிறது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சாரல் விழுகிற இந்த ஊரில் விற்பதற்கு மனைகளும் இருக்கின்றன. குறுக்கே நிற்பது பத்திரச் செலவு ஒன்றுதான்.

இடத்தின் விலையைப் பற்றி அவருக்கு வருத்தமே கிடையாது. "அவன் இடம், அவன் சொல்லுத விலை" என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார். அதற்கு மேல் கவர்மெண்டுக்குக் கட்டுவதுதான் தொண்டையில் இறங்காது. "விக்கவன் இடத்தைத் தாரான். வாங்குதவன் ரூவாயைத் தாரான். நடுவுல இவன் என்னத்தவே தந்தான்? சீல் ஒண்ணு குத்துதான்!"

டீக்கடைக்கு ஒருவராவது இந்த ஜாதி உண்டு. அடையாளம் சுலபம். கையில் மஞ்சப்பை, உள்ளே அடுத்தவன் சொத்தின் வில்லங்கச் சான்று, மூலப்பத்திர ஜெராக்ஸ், சர்வே நம்பர் கிறுக்கிய சிகரெட் அட்டை. 'இடம் எப்படி?' என்று கேட்டால் கிழக்கு பார்த்த மனையா, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று சொல்லமாட்டார்கள். சதுர அடிக்கு அரசு வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்பார்கள்.

அண்ணாச்சியின் பட்டப்பெயர் அரசாணைப்படி மாறிவந்தது. முத்திரைத் தீர்வையும் மாற்று வரியுமாக ஏழு, பதிவுக் கட்டணம் ஒன்று என்றிருந்த காலத்தில் எட்டு பர்சென்ட் அண்ணாச்சி. 2017 ஜூனில் பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நாலுக்குத் தாவியதும் பதினோரு பர்சென்ட். 2023 ஏப்ரலில் அது ரெண்டாக இறங்க, ஒன்பது பர்சென்ட். தரகு, பத்திரம் எழுதுகிறவர் கூலி, வக்கீல் ஒப்பீனியன், பட்டா மாறுதல் எல்லாம் அவர் கணக்கில் 'இதர' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். அதிலெல்லாம் ருசி இல்லை.

2017-ல் அவர் டீக்கடைக் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுக் காட்டிய கணக்கை நான் பார்த்தேன். கட்டணத்தை ஏற்றிய கையோடு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்திருந்தார்கள். மதிப்பு 12 லட்சமாக இருந்த மனைக்கு முன்பு எட்டு பர்சென்ட், 96,000 ரூபாய். இப்போது மதிப்பு 8,04,000. பதினோரு பர்சென்ட் போட்டால் 88,440. (கிரயத் தொகை கூடுதலென்றால் அதன் மேல்தான் தீர்வை. ஊரில் எத்தனை பேர் முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டுகிறார்கள் என்ற பேச்சு நமக்கெதற்கு?)

"அப்போ ஏழாயிரத்துச் சொச்சம் லாபம்லா அண்ணாச்சி? முடிச்சிர வேண்டியதானே?"

"நாலு என்னைக்கும் நாலாவே இருக்குமா? குறைப்பான், பாத்துக்கிடும்."

குறைத்தார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பைப் பழைய இடத்துக்கே தூக்கி வைத்தார்கள். 12 லட்சத்துக்கு ஒன்பது பர்சென்ட், 1,08,000. அதற்குள் மனையின் விலை எங்கே போயிருந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மதினி மட்டும் கேட்டார்.

2025 ஏப்ரலில் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பர்சென்ட் தள்ளுபடி வந்தது. சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அண்ணாச்சி மதினியை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். பார்த்து வைத்த மனையோ 10 லட்சத்துச் சொச்சம். "அஞ்சடி ஒதுக்கிட்டு மிச்சத்தைக் கொடும்" என்று விற்கிறவரிடம் பேரம் பேசினார். அந்த அஞ்சடியை வைத்துக்கொண்டு நான் என்ன கத்தரிக்காயா போட என்று அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன்தான் ஒருநாள் மாமாவை அடக்கினான். அங்கே வெளிநாட்டுக்காரன் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி மட்டும் 60 பர்சென்ட். இங்கே நாலு ரெண்டான அதே 2023 ஏப்ரலில்தான் அங்கே முப்பது அறுபதானது. அண்ணாச்சி வடையைக் கீழே வைத்துவிட்டார்.

தெளிந்ததும் சரித்திரத்துக்குத் தாவினார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இதே மேலகரத்துக்காரர். மெச்சிய மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்றே பெயர். "கவிராயர் ஒத்தப் பைசா கட்டியிருப்பாரா? இன்னைக்குன்னா விடுவானா! குடும்பத்துக்குள்ள தானம்னா தீர்வை ஒண்ணு, பதிவுக் கட்டணம் ஒண்ணு, ரெண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. ராசா என்ன கவிராயருக்குச் சித்தப்பாவா? முழுசா ஒம்பது கட்டணும் வே. பாட்டுப் பாடினவன் கையில ரூவா ஏது?"

இவ்வளவு தெரிந்தவரை ஊர் சும்மா விடுமா? யார் கிரயம் முடித்தாலும் கணக்குப் பார்க்கவும் சாட்சிக் கையெழுத்துப் போடவும் அண்ணாச்சிதான். அவர் குடியிருக்கிற வாடகை வீட்டைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கினபோதும் அவர்தான் பதிவு ஆபீஸ் போனார். தீர்வை, கட்டணம், இதர என்று ரூபாய் பிசகாமல் எழுதிக் கொடுத்தார். சாட்சியாகவும் கையெழுத்திட்டார்.

அடுத்த மாதம் புது ஓனர் வந்து நின்றார். "பத்திரச் செலவு ஏகப்பட்டது ஆயிட்டு அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா? அதான் வாடகையை ஆயிரம் ரூபாய் கூட்டலாம்னு…"

எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.