ஞாயிறு சொந்தம், பௌர்ணமி சொந்தம்

திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு வாரத்தில் ஆறு நாள் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ‘நேர்ல வரணும்னுதான் இருந்தோம், அந்தப் பக்கம் லாரி ஜாஸ்தியாச்சே’ என்று கூடவே ஒரு குரல்பதிவையும் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ரத்த பாசம் கொதிக்க ஆரம்பிக்கும்.

“தம்பி, எப்படிப்பா இருக்கே? பசங்க நல்லாப் படிக்கிறாங்களா? சரி, நாளைக்குக் காசிமேட்டுப் பக்கம் போவியா?”

பல்லாவரத்தில் இருக்கும் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் பதில் சொன்னதாக நினைவில்லை. மூன்றாவதற்கு ‘போகவில்லை’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளப்படாது. பாரிமுனையைத் தாண்டிவிட்டால் எண்ணூர் வரைக்கும் ஒரே தெரு என்பது தென்சென்னைக்காரர்களின் பூகோளம். அந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு மீன்பிடித் துறைமுகம், பக்கத்து வீடு கன்டெய்னர் யார்டு. வாசலில் லுங்கியோடு போய் நின்றால் வஞ்சிரம் தானாக வந்து கையில் விழும்.

எனக்கு எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் விழுந்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவேன். காசிமேட்டில் அதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். நள்ளிரவு தாண்டியதுமே படகுகள் கரை சேர்ந்து ஏலம் ஆரம்பித்துவிடும். பெரிய மீனெல்லாம் விடியுமுன் மொத்த வியாபாரிகள் கைக்குப் போய்விடும். நாம் போகும் நேரத்தில் மிச்சம் இருப்பது சில்லறைக் கடைகளும், தரை முழுக்கச் சகதியும், சென்னையின் பாதி ஜனத்தொகையும்தான். குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து இறங்குவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணை அமுக்கிப் பார்ப்பார்கள், வாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு சோதனை நடந்திருக்காது. பிறகு ‘போன வாரம் கம்மியா இருந்துச்சே’ என்பார்கள். போன வாரமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அண்ணனுக்கு வாங்குவது தனி வித்தை. வஞ்சிரம் வேண்டும், ஆனால் வஞ்சிரம் விலைக்கு வேண்டாம். ‘அங்கேயே இருக்கிறவன், உனக்குக் கம்மியாத் தரமாட்டாங்களா?’ என்று போனில் கேட்பார். கூடையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் நான் ஏரியாக்காரன் என்பதை எப்படியாவது நிரூபிக்க வேண்டும். ‘இன்னாக்கா, தேரடிலர்ந்து வரோம்’ என்று ஆரம்பித்தால், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘தேரடி ஆளு இன்னா, தீவுத்திடல் ஆளு இன்னா, துட்டு ஒண்ணுதான்’ என்பார். வாங்கியாகிவிட்டால் வெட்டுகிற இடத்தில் ஒரு வரிசை. துண்டு கனமாக வேண்டுமா, மெல்லிசாக வேண்டுமா என்று கேட்க அண்ணனைக் கூப்பிட்டால், அவர் போனை அண்ணியிடம் கொடுப்பார். அண்ணி தன் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிடுவார். எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் நாகரிகமானவர்களாக இருந்தால் உறுமுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பதினொரு மணிக்கு அண்ணன் குடும்பம் வந்து சேரும். மீனை வாங்கிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், வெயில் வேற’ என்று உட்கார்ந்தால், எங்கள் வீட்டிலேயே குழம்பு, வறுவல், தொக்கு என்று மூன்றாக அது முடிந்துவிடும். கை கழுவிவிட்டு மூக்கைச் சுளித்தபடி அண்ணன் கேட்பார்: “எப்படிடா இந்த நாத்தத்துல இருக்கீங்க?” விரல் இடுக்கில் மீன் வாசனை போகவில்லை என்று இன்னொரு தடவை சோப்பும் கேட்பார்.

இது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. அண்ணிக்கு ஒரு பௌர்ணமிக் கணக்கு உண்டு. பௌர்ணமியன்று, அதுவும் வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வந்தால், மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இந்த வரிசையை யார் வகுத்தார்களோ, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு வகுத்திருக்கிறார்கள். மேலூரில் அம்மனைப் பார்த்துவிட்டு மதியம் எங்கே வருவார்கள்? வடிவுடையம்மனிடம். தரிசனம் முடிந்து எங்கே வருவார்கள்? தனியாகவும் அல்ல, குடியிருப்பின் மகளிர் குழுவோடு.

அன்று அண்ணி வேறு ஆள். வாசலிலேயே நின்று, “ஏம்மா, வீட்ல மீன் வாசனை வருதே, காலையில அலம்பி விட்டியா?” என்பார். போன ஞாயிறு அந்த வாசனையை உண்டாக்கிவிட்டுப் போனவரே அவர்தான் என்பதை என் மனைவி சபையில் சொல்ல மாட்டாள். சாயங்காலம் என்னிடம் சொல்வாள், விலாவாரியாக. வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார், இரண்டு பொரியல், பாயசம். சாப்பிட்டு முடித்ததும் மகளிர் குழுவில் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இந்த ஏரியாவெல்லாம் இப்ப சேஃப்தானேங்க?” என்று கேட்பார். என் மனைவி அதற்கும் பாயசம் ஊற்றுவாள்.

முன்பெல்லாம் தூரம் ஒரு வேலியாக இருந்து எங்களைக் காப்பாற்றியது. டி.எச். ரோட்டில் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வருடங்களை ஊரே சபித்தது. நான் உள்ளுக்குள் கொண்டாடினேன். அந்த வருடங்களில் அண்ணன் மீன் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். 2021 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினமாகப் பார்த்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் ரயிலை நீட்டித்துத் திறந்துவைத்தார்கள். விமான நிலையத்தில் ஏறினால் மாறாமல் இறங்காமல், ஏசியில், எங்கள் ஊருக்கே வந்துவிடலாம். ‘இனிமே அடிக்கடி வருவோம்டா’ என்றார் அண்ணன். சொன்ன சொல் தவறாதவர்.

வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டலாம் என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்ததே 1873இல்தான். அந்தப் பழைய கட்டடம் தூண்களோடு இன்றைக்கும் நிற்கிறது. அதே ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. பிறந்தது. பட்டினத்தார் வாழ்ந்து முடித்து அடங்கிய இடம் எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கிறது. இவ்வளவையும் ஒரு மூச்சில் சொன்னேன். அண்ணன் பையன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சித்தப்பா, ‘வடசென்னை’ படத்துல வர்ற அந்தத் தெரு எங்க இருக்கு?” என்றான். 2018இல் ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி அந்தப் படம் வந்தபோது, சொந்தபந்தம் அத்தனை பேரும் போன் செய்து, ஒரு மாதிரியான மரியாதையோடு பேசினார்கள். கடன் கேட்டிருந்த ஒருவர், வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிட்டார். அந்த ஒரு வகையில் படத்துக்கு நன்றி.

எனக்கு லீவு என்று ஒன்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குத் தேசிய, பண்டிகை விடுமுறைகள் தர 1958இல் ஒரு சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு இன்னும் ஐந்து நாள். ஆக மொத்தம் 9. மீனுக்கு எத்தனை தெரியுமா? 61. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வேண்டுமாம். குடும்பப் பொறுப்புக்காக அரசு உத்தரவோடு இரண்டு மாதம் லீவு வாங்கிய ஜீவராசி இந்த நாட்டில் மீன் ஒன்றுதான். என் சொந்த மைத்துனன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் கேட்டபோது சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த 61 நாளும் எனக்கு நிம்மதி என்று நினைத்தால் அதுவும் தப்பு. சரியாகப் பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் விடுகிறார்கள். “மீனுக்கெல்லாமாடா லீவு விடுவாங்க? நீ வாங்கிட்டு வரச் சோம்பேறித்தனப்பட்டுச் சொல்றே” என்று அண்ணன் சந்தேகப்படுவார். கரையோரம் போகிற ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, கேரளாவிலிருந்தும் லாரியில் மீன் வருகிறது, அங்கே தடைக்காலம் ஜூன் மாதம்தான் ஆரம்பிக்கும் என்று விளக்கப் போய், ‘அப்ப கேரளா மீன் நல்லதா ரெண்டு கிலோ’ என்று முடிந்தது. காசிமேட்டில் அந்த நேரத்தில் படகுகளைக் கட்டிப்போட்டு, பெயின்ட் அடித்து, வலை பிரித்து, அரசு தரும் நிவாரணத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது லீவே இல்லை என்பதை விளக்க நான் முயலவே இல்லை.

மே 1க்கு வருகிறேன். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியது சென்னைதான். 1923இல் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் போட்டார். அவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. உலகத் தொழிலாளி அவ்வளவு பாடுபட்டு வாங்கிய நாளில், எங்கள் தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஓர் ஆண் ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருப்பான்.

எங்களுக்கென்று உள்ள பெரிய பண்டிகை ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகளைத் தொழிற்சாலைக்குள் அழைத்துப் போகலாம். மெஷினுக்கெல்லாம் பொட்டு, பொரிகடலை, சுண்டல், லட்டு. லாரிகள் முன்னால் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அது வரைக்கும் சந்தோஷம். அடுத்து ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பூசணிக்காய் நடுரோட்டில் உடைபடும். கண்ணேறு லாரிக்குக் கழிந்து, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவனுக்கு வந்து சேரும். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் எங்கள் வழியாகப் போகின்றன. எத்தனை பூசணிக்காய் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் வாழைக்கன்று வாடித் தொங்கும், ஹாரன் மட்டும் பழைய பலத்தோடு இருக்கும். கப்பலுக்குத் தீபாவளி தெரியாது, பொங்கல் தெரியாது.

போகிக்கு மட்டும் ஒரு வகையில் எனக்குப் பிடித்தம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று வருடா வருடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கெஞ்சும், சிலர் எரிப்பார்கள். விடியற்காலையில் அண்ணன் இருமிக்கொண்டே போன் செய்து, ‘என்னடா இது, மூச்சே விட முடியல’ என்பார். மணலியிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கு அதைக் கேட்க ஒரு திருப்தி. எங்கள் நுரையீரல் பார்க்கிற தினசரி வேலையை ஊர் ஒரு நாள் பார்க்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைக்கே லீவு விட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பஜ்ஜி படங்களாக வந்தன. இங்கே எர்ணாவூரில் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து, சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு போட்டிருந்தது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். விடிந்ததும் அண்ணன் போன் செய்தார். நிஜமாகவே பதறியிருந்தார், குரல் தழுதழுத்தது. பத்து நிமிடம் அக்கறையாகப் பேசினார். வைக்கப் போகும்போது ஒரு கனைப்பு. “இல்ல… நியூ இயருக்கு இறால் வாங்கலாம்னு இருந்தோம். இப்ப சாப்பிடலாமா, இல்ல எண்ணெய் வாசம் அடிக்குமா?”

இப்படியே விட்டால் சரிவராது, உறவு என்றால் இரண்டு பக்கமும் போக வேண்டும் என்று, ஒரு காணும் பொங்கலுக்கு நாங்கள் அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். ‘வெறுங்கையோட போறதா?’ என்று மனைவி கேட்டாள். கேட்டவளே அதிகாலையில் காசிமேடு போய் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து, ஐஸ் போட்டு, இரண்டு பையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பல்லாவரத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம். கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார்.

“பேரு, எங்கருந்து வரீங்க, எந்த பிளாட்டு, எழுதுங்க சார்.”

‘திருவொற்றியூர்’ என்று எழுதினேன். அவர் நோட்டைத் திருப்பி வைத்துப் படித்தார். “தேரடியா? நானு எர்ணாவூரு சார். இன்னா பைல, மீனா?” ஒரு தடவை மூச்சை இழுத்தார். “வஞ்சிரம். காலைல எடுத்ததா? இன்னா வெல போட்டான்?”

சொன்னேன். பண்டிகை நாளில் அது அநியாயம் என்றார். தனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரரைச் சொன்னார். ஐந்து நிமிடம் நல்ல பேச்சாகப் போனது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, லிஃப்ட் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். மீன் கொண்டுவருகிறவர்கள் சாமான் ஏற்றுகிற லிஃப்ட்டில் போக வேண்டும். குடியிருப்போர் சங்கத் தீர்மானம். கீழே செயலாளர் கையெழுத்து. அண்ணனுடையது.

மனைவியும் பிள்ளைகளும் முன்பக்க லிஃப்ட்டில் போனார்கள். பின்பக்கத்தில், யாரோ வீடு காலி செய்கிற ஒரு பழைய ஃபிரிட்ஜுக்கும் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறாவது மாடி தாண்டும்போது செல்போன் அடித்தது.

“எங்கடா இருக்கே? உன் பெண்டாட்டி, பசங்கல்லாம் வந்துட்டாங்க. அண்ணி எண்ணெய் காய வெச்சிட்டா.”