சும்மா ஒரு நிமிஷம்

கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தால், அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்துவிட வேண்டும். முழுக்கத் திறந்திருந்தால் ஆபத்தில்லை. அன்று அவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பார். முழங்கால் உயரம் என்றால் உள்ளே வேலை நடக்கிறது, ஒரு கை குறைகிறது என்று பொருள். அந்தக் கை உங்களுடையது.

டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் ஏதோ ஒரு கார் கம்பெனியில் கதவுக் கைப்பிடியை மட்டுமே வரைந்துவிட்டு, ஓய்வுபெற்ற மறு மாதமே முழுக் கார் ஒன்றைத் தன் கையால் கட்டக் கிளம்பியவர். (பொதுவாகச் சொல்கிறேன். என் இடது பக்கத்து வீட்டை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.) கட்டுவது எப்போதும் கோப்ராதான். 1962-ல் கரோல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர், கார்ப் பந்தயம், கோழிப் பண்ணை இரண்டையும் பார்த்துவிட்டவர், இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் என்ற சின்ன வண்டிக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினைத் திணித்துச் செய்தாரே, அதே கோப்ரா. அறுபதுகளில் செய்த அசல் வண்டிகள் ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். அவற்றில் முதலாவது 2016-ல் ஏலத்துக்கு வந்து ஒரு கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. ஆகவே மற்றவர்களுக்கு அது பெட்டியில் வருகிறது. மாசசூசெட்ஸில் உள்ள ஃபாக்டரி ஃபைவ் போன்ற கம்பெனிகள் இரும்புச் சட்டத்தையும் ஃபைபர் கூட்டையும் ஒரு கும்பல் அட்டைப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றி அனுப்பும். எஞ்சின், கியர்பாக்ஸ், பெயின்ட், பொறுமை எல்லாம் வாங்கியவர் பாடு.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். பழைய மஸ்டாங் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த ஐந்து லிட்டர் எஞ்சினையும் டி-5 கியர்பாக்ஸையும் போடுவார். டி-5 லேசானது, மலிவானது, 300 பவுண்டு-அடி முறுக்குவிசை தாங்கும். ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டிக்கு அது தாராளம். வண்டி ஓடவும் ஓடியது. அதைப் பிறகு சொல்கிறேன். அப்புறம் ஓர் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு லிட்டர் எஞ்சின் போட்டால் என்ன? போட்டால் டி-5 பல்லைக் கொட்டிவிடும். ஆகவே ட்ரெமெக் கம்பெனியின் டி.கே.ஓ. 600 கியர்பாக்ஸ். பெயரிலேயே அளவு இருக்கிறது: 600 பவுண்டு-அடி. நம் ஊரில் வெகுகாலம் விற்ற 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஏழு சேர்ந்து முறுக்கினாலும் கலங்காது.

கலங்குவது மற்றதெல்லாம். பழைய கியர்பாக்ஸின் முன் தண்டில் கிளட்ச் கவ்வும் பல்வரி 10, இதில் 26. ஆகவே புது கிளட்ச் தட்டு. வலுவான கிளட்ச் என்றால் பெடல் கனக்கும். ஆகவே கேபிளைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக். பின் தண்டில் 28 வரி இருந்த இடத்தில் 31. ஆகவே டிரைவ் ஷாஃப்ட்டைக் கோக்கும் யோக்கும் புதிது. இந்த வண்டியில் டிரைவ் ஷாஃப்ட்டே முழங்கை நீளம்தான்; கியர்பாக்ஸ் விரற்கடை தள்ளி உட்கார்ந்தாலும் ஷாஃப்ட்டை வேறு அளவில் செய்ய வேண்டும். கியர்பாக்ஸின் வால் தாழ்ந்தால் ஜாயின்ட்டின் கோணம் கெடும். ஆகவே அடியில் தகடு. முன்னால் இவ்வளவு வலு வந்தபின் பழைய பின் அச்சு எதற்கு என்ற கேள்வியும் எழும். கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியார் கதைதான். அந்தச் சாமியாராவது கல்யாணத்தோடு நின்றார்.

போகட்டும், அதெல்லாம் அவர் காசு. எனக்கு வந்த வினை பெல் ஹவுசிங்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறை அது. எஞ்சினின் கிராங்கும் கியர்பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா இல்லையா என்பது அதன் கையில் இருக்கிறது. துளி விலகினாலும் கியர் முரண்டு பிடிக்கும், பேரிங் தேயும், போகப்போகக் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். எஞ்சின் ஓர் ஆலையிலும் உறை வேறோர் ஆலையிலும் பிறந்தவை என்பதால், அளந்து பார்க்காமல் பூட்டக் கூடாது. ட்ரெமெக் அனுமதிக்கும் விலகல், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 5 பங்கு. தலைமுடி ஒன்றின் கனமே இரண்டு மூன்று பங்கு வரும்.

அளக்கும் முறையைக் கேளுங்கள். எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து அளக்க முடியாது. ஸ்டாண்டை மாட்டும் துளைகளில்தான் உறையையும் மாட்ட வேண்டும். ஆகவே எஞ்சின் கிரேனில், சங்கிலியில் தொங்கும். ஃப்ளைவீலின் மேல் காந்தக் காலை ஊன்றி டயல் கேஜ் உட்காரும். கேஜின் முனை உறையின் நடுத்துளை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் எஞ்சினின் முன்பக்கம் நின்று ரென்ச் போட்டு கிராங்கை மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். கேஜும் கூடவே சுற்றும். முள் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இன்னொருவர் பின்பக்கம் நின்று படிக்க வேண்டும். பாதிச் சுற்றில் கேஜ் தலைகீழாகிவிடும் என்பதால் அவர் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடியுமாக நிற்பார். பின்பக்கம் எப்போதும் அவர். முன்பக்கம், தபால் பெட்டியைப் பார்க்கச் செருப்போடு வெளியே வந்த நான்.

“சும்மா ஒரு நிமிஷம். இந்த ரென்ச்சை மட்டும் பிடிங்க.”

பிடித்தேன்.

“மெதுவா. இன்னும் மெதுவா. அங்கேயே நில்லுங்க. பின்னால திருப்பிடாதீங்க! திருப்பினா முதல்லேருந்து வரணும்.”

“நான் திருப்பவில்லை. தும்மல் வந்தது.”

“தும்மிட்டு ஆரம்பிங்க.”

பார்சல் லாரி ஒன்று தெருவில் போனது. எஞ்சின் ஆடியது, அல்லது ஆடியதாக அவர் நினைத்தார். முதலிலிருந்து. அவர் வீட்டு நாய் உள்ளே வந்தது. முதலிலிருந்து. கடைசியில் ஓர் எண் கிடைத்தது: 12. அதில் பாதி, அதாவது 6, உறை விலகியிருக்கும் தூரம். உறையை எஞ்சினில் இடம் பிசகாமல் நிறுத்துபவை டவல் பின்கள்; இதைச் சரிசெய்ய மையம் தள்ளிய பின்கள் கடையில் கிடைக்கும். தள்ளல் 7, 14, 21 என்று மூன்று அளவுகள். 7-ஐ வாங்கினார். உறையைக் கழற்றி, அறுபதுகளின் பிடிவாதத்தோடு ஒட்டியிருந்த பழைய பின்களைப் பிடுங்கி, புதியதை அடித்து இறக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுபடி கேஜ், மறுபடி கண்ணாடி, மறுபடி நான்.

முள் 2 என்று காட்டியது.

அனுமதி 5. வந்தது 2. நான் ரென்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கை குலுக்கத் தயாரானேன். அவர் முகத்தில் எழவு விழுந்த களை.

“ரெண்டா?”

“ஐந்து வரை போகலாம் என்றுதானே சொன்னீர்கள்?”

“போகலாம். ஆனா பூஜ்யம்னு ஒண்ணு இருக்கே.”

இந்த இடத்தில்தான் அந்த இனத்தின் இலக்கணமே இருக்கிறது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லும் நொடியில்தான் இவர்களுக்கு அது ஆரம்பிக்கிறது. பின்னை மயிரிழை திருப்பிப் பார்த்தார், 4 ஆனது. எதிர்ப்பக்கம் திருப்பினார், 3. பழைய இடத்துக்கே கொண்டுவந்தார், 2 வரவில்லை. குளிரில் அலுமினிய உறை சுருங்குகிறது என்று ஒரு நாள் சொல்லி, கராஜுக்கு ஹீட்டர் வாங்கி மாட்டினார். காந்தக் கால் வழுக்குகிறது என்று இன்னொரு நாள். நான் சுற்றும் வேகம் சீராக இல்லை என்று ஒரு நாள் மிக நாகரிகமாக, வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். என் மனைவி எனக்குப் போன் செய்யும்போது நான் ஹலோ சொல்வதற்கு முன்பே, “கிராங்கா?” என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஒருமுறை தைரியம் வந்து ஷெல்பியையே சாட்சிக்கு இழுத்தேன். கலிஃபோர்னியாவில் டீன் மூன் என்பவரின் பட்டறையில் முதல் கோப்ராவுக்குள் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நாளுக்குள் ஏறிவிட்டதாகத்தான் கதை. உடனே ஓட்டியும் பார்த்தார்களாம். அந்த ஒற்றை வண்டிக்கு நிறம் மாற்றி மாற்றி அடித்து, நிறைய வண்டிகள் இருப்பதாகப் பத்திரிகைக்காரர்களை நம்ப வைத்ததும் அதே ஷெல்பி.

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “அவங்க பெல் ஹவுசிங்கை அளந்திருக்க மாட்டாங்க” என்றார், இறந்துபோன ஒருவரை மன்னிக்கும் குரலில்.

2020-ன் கடைசியில் ட்ரெமெக் கம்பெனி டி.கே.ஓ.வின் இடத்துக்கு டி.கே.எக்ஸ். என்று புதிய கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. அதே 600. உருவம் அடக்கமானது, எஞ்சின் வேகமாகச் சுழலும்போதும் கியர் சண்டை போடாமல் விழும். டி.கே.ஓ.வுக்கு அந்த நல்ல குணம் குறைவு என்பது ஊரறிந்தது. அந்த வாரம் முழுக்கக் கராஜ் கதவு மூடியே கிடந்தது. துக்கம் விசாரிக்கப் போகலாம்தான். ஆனால் போனால் ரென்ச்சைக் கொடுத்துவிடுவார்.

இத்தனை வலுவும் எங்கே ஓடப்போகிறது? எங்கள் தெருவில் வேக எல்லை மணிக்கு 25 மைல். வருஷம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருக்கும் இலக்கு உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995-லிருந்து ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமையில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும் திருவிழா. போகும் என்றா சொன்னேன்? நிற்கும். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு நகர்வதற்குள் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பலாம். முதல் கியரைத் தாண்ட வழியே இல்லாத இடம். அங்கே ஒவ்வோர் ஆகஸ்டிலும் இவர் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளைப் பார்த்து, “அடுத்த வருஷம் நானும்” என்கிறார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். என் காரில் ஏதோ முனகல் கேட்டபோது, நடந்துபோகிற வழியிலேயே காதைச் சாய்த்து, “முன் வலது வீல் பேரிங்” என்றவர் அவர்தான். சரியாகவும் இருந்தது. பனி கொட்டினால் தன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல் உட்பட நாலு வீட்டு வாசலைக் கேட்காமலே சுத்தம் செய்துவிடுவார். டி-5 பூட்டியிருந்த அந்தக் கோடையில் ஒரு மாலை, கூடு ஏற்றாத வெறும் சட்டத்தில் இரண்டு இருக்கையை மட்டும் மாட்டி என்னைத் தெருவைச் சுற்றி அழைத்துப்போனார். கதவில்லை, மூடியில்லை, காலுக்கடியில் தார் ரோடு ஓடுவது தெரிகிறது. பிள்ளைகள் சைக்கிளில் துரத்தினார்கள். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவது கியருக்கு மாற்றியபோது சின்ன சத்தம் ஒன்று கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. மறு வாரம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கார் நிற்கும் கராஜ் அது. ஒரு பாதியில் சட்டம், மறு பாதியில் கிரேனும் எஞ்சினும், மேலே கூரையிலிருந்து தொங்கும் ஃபைபர் கூடு. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்ட். ஜனவரியில் மைனஸ் 15 டிகிரியில், இருட்டில், வாசலில் நிற்கும் தன் பழைய காரின் கண்ணாடியிலிருந்து அந்த அம்மாள் பனிக்கட்டியைச் சுரண்டுகிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், வாங்கிய நாளிலிருந்து ஒரு சுற்றுகூடத் தானாகச் சுற்றாத கியர்பாக்ஸ் ஹீட்டர் சூட்டில் கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லக் கூடாது. இது அக்கிரமம்.

ஆகையால் ஐயா, உங்கள் பெஞ்சுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருக்கிறீர்களே, அந்த டி-5-ஐ எடுத்துப் பூட்டுங்கள். கிராங்கைச் சுற்ற வரமாட்டேன். வண்டியை வெளியே தள்ள வேண்டுமென்றால் தெருவையே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஏழு லிட்டருக்கு அது பல்லைக் கொட்டிவிடும் என்பீர்கள். கொட்டட்டுமே. கொட்டுவதற்காவது அது ஓடியாக வேண்டும் அல்லவா?