ஆண்டு இலக்கு நிர்ணயம் – விளக்கம் சமர்ப்பித்தல் – சார்பு

பெறுநர்: பள்ளிப் பணியாளர்களுக்கு இலக்கு நிர்ணயிக்கும் உயர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆசிரியர்களும் பணியாளர்களும் தத்தம் தொழில்முறை இலக்குகளைத் தாமாகவே முன்வந்து நிர்ணயித்து, மறுநாள் மதியம் 3 மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும் என்ற சுற்றறிக்கை கிடைக்கப்பெற்றோம். நாங்கள் முன்வருவதற்கு வசதியாக, ‘எழுத்தறிவு 100 சதவீதம், எண்ணறிவு 100 சதவீதம்’ என்று கட்டங்களைத் தாங்களே நிரப்பி அனுப்பியிருந்தீர்கள். நன்றி. தாமாக முன்வராதவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை 17 ஏ-வா, 17 பி-யா என்பது மட்டும் சுற்றறிக்கையில் தெளிவாக இல்லை.

காலியாக விட்டிருந்த ஒரே கட்டம் ‘சுய இலக்கு’. நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஒன்றுமே புரியாவிட்டாலும் வாய் திறக்க மாட்டான். ‘ஆண்டு முடிவதற்குள் அவன் புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும்’ என்று எழுதினேன். ‘அளவிடத்தக்கதாக இல்லை’ என்று திரும்பி வந்தது. ‘நாளொன்றுக்கு 5 சந்தேகங்கள்’ என்று மாற்றினேன். உடனே செயலியில் பச்சை விழுந்தது. இப்போதெல்லாம் மாலையில் மணி அடிக்கிற நேரத்துக்கு மேசையருகே வந்து நிற்கிறான்.

“சார், இன்னிக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. கேட்டுரட்டுமா?”

“கேளுடா.”

“யானைக்கு எத்தனை காலு சார்?”

“நாலு.”

“மாட்டுக்கு?”

அன்றைய இலக்கு எட்டப்பட்டது. அடுத்த காலாண்டில் இதை 15 சதவீதம் உயர்த்தச் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தில் 15 சதவீதம் முக்கால் சந்தேகம். முக்கால் சந்தேகத்தைக் கேட்க வைப்பது எப்படி என்று ஒரு பயிற்சி வைத்தால் நலம். சனிக்கிழமையானாலும் வந்துவிடுகிறோம்.

அடுத்து, அதே கட்டத்தில் ‘பாடவேளையில் வகுப்பறையில் இருத்தல்’ என்று இன்னோர் இலக்கும் எழுதியிருந்தேன். ‘ஆசிரியரின் கட்டுப்பாட்டில் இல்லாதது, அடையத்தக்க இலக்காக மாற்றவும்’ என்று குறிப்பு வந்தது. உண்மையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அலுவலகக் குறிப்பு வேறெதையும் நான் பார்த்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. தாங்கள் அதை மீறவில்லை. எங்களை எங்கும் அனுப்பாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஆதார் எண், சீருடை அளவு, வங்கிக் கணக்கு, கழிப்பறைப் படம் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். அதே சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்கிறது. அந்தத் தயாரிப்பு நேரம்தான் மேற்படி விவரங்களாகத் தங்களிடம் வந்து சேர்கிறது.

இலக்குகள் ‘ஸ்மார்ட்’ என்ற ஐந்து அம்சச் சூத்திரப்படி இருக்க வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்தினார்கள். 1981-இல் ஒரு மேலாண்மை இதழில் அந்தச் சூத்திரத்தை எழுதிய ஜார்ஜ் டோரன், அமெரிக்க மின்சாரக் கம்பெனி ஒன்றில் திட்டமிடல் இயக்குநராக இருந்தவர். எல்லா இலக்குக்கும் ஐந்து அம்சங்களும் இருந்தாக வேண்டியதில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது.

தங்கள் முறை இப்போது முளைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பாரம்பரியம் உண்டு. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ புதுவிதி ஒன்று கொண்டுவந்தார். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆய்வாளர் முன்னால் தேறினால் பள்ளிக்கு முழு மானியம். தவறிய ஒவ்வொன்றுக்கும் பிடித்தம். சில ஆண்டுகளில் அதன் சாயல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கிலாந்துக் கவிஞர் மேத்யூ ஆர்னால்டுக்குச் சோறு போட்டது பள்ளி ஆய்வாளர் வேலைதான். சாமர்த்தியமாகத் தயார் செய்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புத் தேர்வில் தேற வைத்துவிடலாம் என்று அவர் புலம்பினார். பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். என்றாலும் அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகள் போல ஓடியது. தங்களுக்கும் நீண்ட ஆயுள் உண்டு.

சத்துணவு அமைப்பாளருக்கும் ஒரு படிவம் வந்தது. ‘தொழில்முறை வளர்ச்சிக்காகத் தாங்கள் மேற்கொள்ளவிருக்கும் முயற்சி’ என்ற வரியை வாசித்துக் காட்டினேன். அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, “உதவியாளு போனதுலேர்ந்து முட்டையும் நானே உரிக்கிறேன், பாத்திரமும் நானே தேய்க்கிறேன். அந்த எடத்துக்கு ஆளப் போடச் சொல்லுங்க சார், அப்புறமா வளர்றேன்” என்றார். ‘தலைமைப் பண்பு மேம்பாடு’ என்று நிரப்பி அனுப்பிவிட்டேன். பச்சை விழுந்துவிட்டது.

விளையாட்டு போகட்டும். இலக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்று போதும். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கடன் வாங்கிக் கழித்தல் பாதிப் பேருக்கு ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பதே ஓராண்டு வேலை. ஜப்பானில் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் உடனிருந்து பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கும் ஆசைதான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் நடத்த, டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய வகுப்புகளைத் தங்கள் செயலி பார்த்துக்கொள்ளுமா? அல்லது தாங்களே ஒருநாள் கைபேசியை வெளியே வைத்துவிட்டு, ஒரு பாடவேளை முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார முடியுமா? அந்தப் பையன் பக்கத்தில் இடம் இருக்கிறது.

நிற்க. பள்ளிகளிடம் விவரம் கோருவதைக் காலாண்டுக்கு 15 சதவீதம் குறைப்பது குறித்துத் தங்கள் அலுவலகம் நிர்ணயித்துள்ள இலக்கினை, உரிய புகைப்படச் சான்றுடன் நாளை மதியம் 3 மணிக்குள் இப்பள்ளிக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இலக்கு ஏதுமில்லை எனில், இன்மை அறிக்கை தவறாது அனுப்பப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமை ஆசிரியர்