பட்டமரம் தேடு படலம்

பழனிமலைத் தொடரில் மரங்கொத்தியைக் காண விரும்புவோர் முதலில் கைவிட வேண்டியது, அழகான காடே நல்ல காடு என்னும் நம்பிக்கையாகும். கொடைக்கானலுக்கு வரும் பயணிகள் எந்த இடத்தில் நின்று படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகின்றனரோ, அந்தப் பைன் மரக்காட்டில், அணிவகுத்தாற்போல நிற்கும் மரங்களும், அவற்றினிடையே சாய்ந்து விழும் வெயிலும், புதுமணத் தம்பதியரும், சோளக்கதிர் சுடும் வண்டிகளும் குறைவின்றிக் கிடைக்க, மரங்கொத்தி மட்டும் கிடைப்பது அரிதாகிறது. பைன் என்பது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம். தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டுமென ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வாட்டில் மரமும் அவ்வாறே வந்து, வந்த வேலை முடிந்த பின்னும் திரும்பிப் போகாமல் புல்வெளிகளை நிரப்பிவிட்டது. இம்மண்ணின் புழுக்களும் வண்டுகளும் இம்மரங்களோடு கொண்டுள்ள உறவு, புது மருமகளோடு பழைய மாமியார் கொள்ளும் உறவைப் போன்றது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் கூடுவதில்லை. உண்ண ஆள் வராத பந்தியில் மரங்கொத்திக்கு என்ன வேலை?

உயிரியல் நோக்கில், மரத்தின் நிமிர்ந்த பக்கத்தையே தரையாகக் கொண்டு வாழும் பறவை மரங்கொத்தி எனலாம். பெரும்பாலான பறவைகளுக்கு மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாக அமைந்திருக்க, இதற்குப் பெரும்பாலும் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பதால் செங்குத்தான அடிமரத்தை இறுகப் பற்ற முடிகிறது. விறைப்பான வால் இறகுகளை மூன்றாவது காலாக ஊன்றி, முக்காலியில் அமர்ந்த ஆசாரியைப் போலப் பணி செய்கிறது. தச்சன்குருவி என்னும் பழம்பெயர் இதற்கு வாய்த்தது இதனால்தான். நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி மேலேறி நெற்றிப்பக்கம் வரை நீள்வதால், துளைக்குள் ஒளிந்த புழுவை அது நாக்கை நீட்டியே வெளியே இழுத்துவிடுகிறது. நாக்கு நீளம் என்று பிறரைக் குறைகூறும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு எனினும், தலையைச் சுற்றிக் கட்டி வைக்கும் அளவுக்கு நீண்ட நாக்கு குடும்பச் சண்டைகளில்கூடக் காணப்பட்டதில்லை.

அதன் கொத்தல் இருவகைப்படும். ஒன்று, இரைக்காகவும் கூட்டுக்காகவும் விட்டு விட்டுக் கொத்துவது. மற்றொன்று, காய்ந்த கிளையை அலகால் விநாடிக்கு 20 முறை வரை அதிரத் தட்டி ஒலி எழுப்புவது. பின்னது ஒருவகைப் பறையறிவிப்பு. 'இந்த மரங்கள் என்னுடையவை' என்னும் பட்டாவையும் 'துணை தேவை' என்னும் மணமகள் விளம்பரத்தையும் ஒரே தட்டலில் அது வெளியிட்டுவிடுகிறது. இப்படி நாள் முழுதும் முட்டியும் அதற்குத் தலைவலி வராதது ஏன் என்று ஆராய்ந்த ஐவன் ஷ்வாப், காலஞ்சென்ற பிலிப் மே ஆகியோருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2006ஆம் ஆண்டு அளிக்கப்பட்டது. அதன் மண்டையோடு பஞ்சுபோல அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது என்றே பலகாலம் சொல்லப்பட்டு வந்தது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மறுத்து, பஞ்சால் செய்த சுத்தியல் ஆணியை இறக்காது, எனவே மண்டை விறைப்பாகவே இயங்குகிறது, மூளை மிகச் சிறியதாயிருப்பதால்தான் பறவை தப்புகிறது என்று காட்டிற்று. மூளை சிறிதாயிருப்பதன் நன்மை அறிவியல் முறையில் நிறுவப்பட்ட அரிய சந்தர்ப்பம் இது. ஆனால் அதே பறவையை அண்ணாந்து பார்ப்பவருக்கு வரும் கழுத்துச் சுளுக்கைப் பற்றி எவரும் ஆராய்ந்து பரிசு பெற்றதாகத் தெரியவில்லை.

இனி இடம். கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே இயற்கையாக அமைந்த காட்டுக்குச் சோலை என்று பெயர். மலை மடிப்புகளில், புல்வெளிகளுக்கு நடுவே, குட்டையும் நெருக்கமுமாக வளர்ந்து, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் போர்த்து நிற்கும் பசுமைமாறாக் காடு அது. நகரத்தை ஒட்டிய பாம்பே சோலை, வட்டக்கானல் பக்கத்துச் சோலைகள், பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியிலுள்ள மதிகெட்டான் சோலை ஆகியவை பறவை ஆர்வலர் நாடும் இடங்கள். அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் பறவைகளைச் சேகரித்தார்; மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிரிப்பான் ஒன்றுக்கு 1869இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அக்காலத்தில் பறவையைச் சுட்டு, கையில் எடுத்து, பிறகு அடையாளம் காண்பதே முறையாக இருந்தது. பறவைக்கு எவ்வளவு கொடுமையோ அவ்வளவுக்குப் பார்ப்பவருக்கு அது வசதி. இன்றைக்குப் பைனாகுலரோடு சோலையில் நிற்பவர் அந்தச் சிரிப்பானை அநேகமாகக் காண்பார். மரங்கொத்தியைக் காண அதனினும் பொறுமை வேண்டும். ஏனெனில் மலை உயர உயர எறும்பும் கறையானும் குறைகின்றன, அடிமரங்களும் சிறுக்கின்றன. பெரிய பொன்முதுகு மரங்கொத்தி சோலைக்கு வருவதுண்டு. ஆனால் அது மாமனார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையைப் போல, தனக்குத் தோன்றியபோது வரும், காத்திருப்பவருக்காக வராது.

சோலையில் காதை நம்புவோர் ஏமாறுவதற்கு வழிகள் பல உள. குக்குறுவான் 'குட்ரூ, குட்ரூ' என்று விடாமல் கூவி, எங்கோ ஏதோ இயந்திரம் ஓடுவதாக எண்ண வைக்கும். நீல முதுகும் கறுத்த நெற்றியும் கொண்ட ஒரு சிறு பறவை அடிமரத்தில் ஊர்ந்து, 'கண்டேன்' என்று சொல்ல வாயெடுக்கும்போது தலைகீழாக இறங்கத் தொடங்கும்; வாலை ஊன்றி வேலை செய்யும் மரங்கொத்தி அப்படித் தலைகுப்புற இறங்கி நடப்பதில்லை ஆதலால், வாயை மூடிக்கொள்வதே மரியாதை. இக்கட்டுரையை எழுதியவர் ஒருமுறை பாம்பே சோலையின் ஓரத்தில் சீரான கொத்தல் ஒலி ஒன்றைக் கேட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டைகளுக்குத் தாராளமாக ரத்ததானம் செய்தபடி அரைமணி நேரம் பின்தொடர்ந்து சென்றபோது, ஒரு வீட்டின் பின்கட்டில் ஆசாரி ஒருவர் அலமாரிக்குக் கதவு பொருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். தச்சன்குருவி என்னும் பெயரில் முதற்பாதி அன்று சரியாகவே இருந்தது. மதிகெட்டான் சோலைக்குள் புகுந்தவர் வழிதப்பி மதி மயங்கிப்போவர் என்பது அதன் பெயர்க்காரணம். பறவை பார்ப்போரைப் பொறுத்தவரை அது நிகழச் சோலை தேவையில்லை, ஓர் ஆசாரி போதும்.

மலைச்சாலையில் பெயரைப் பார்த்து ஏமாறுவோரும் உண்டு. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் வழியில் டம் டம் பாறை என்று ஓர் இடம் உள்ளது. அங்கே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவி எதிரே தெரியும். பெயர் என்னவோ மரங்கொத்திக்கென்றே வைத்ததுபோல இருப்பினும், அங்கு மிகுதியாகக் கேட்பது பேருந்தின் ஹாரனே.

உண்மையில் நல்ல இடங்கள், பயணிகள் வாந்தியெடுத்தபடி கடந்துபோகும் நடுமலையில் உள்ளன. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரை நோக்கி இறங்கும் பாதை, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர் ஆகிய பகுதிகளின் காப்பித் தோட்டங்கள், கூக்கால் பக்கத்துப் பழைய மரங்கள் முதலியவற்றில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவது குறைவு. நிழல் மரம் என்பது காப்பிச்செடிக்குக் கடும் வெயில் படாதிருக்கத் தோட்டக்காரர் விட்டுவைக்கும் உயர்ந்த மரம். அவற்றுள் முள்ளுமுருங்கை போன்ற மென்மரங்கள் விரைவில் முதுமையடைந்து, கிளை காய்ந்து, உள்ளே பூஞ்சை பிடித்து இளகிப் போகின்றன. அவ்வாறு இளகிய மரமே துளைக்க எளிது. ஆகவே இடம் தேடுவோர் கண்ணுக்கு முதலில் பட வேண்டியது பட்டமரம். நின்றபடியே செத்த மரத்தைக் கண்டால் விறகுக்காரரும் மரங்கொத்தியும் ஒரே வகையான மகிழ்ச்சி அடைகின்றனர். பெரும்பாலும் விறகுக்காரரே முந்திக்கொள்கிறார். காட்டைத் துப்புரவாக வைப்பதாக எண்ணிப் பட்டமரங்களை வெட்டிவிடும் நல்லெண்ணம், மரங்கொத்திக்கும், அது விட்டுச்சென்ற பொந்தில் வாடகையின்றிக் குடியேறும் மைனா, சிட்டாந்தை, அணில் ஆகியவற்றுக்கும் ஒருசேர வீடு இடிக்கும் செயலாகும்.

பட்டமரத்தை அடைந்தபின் மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்த்தல் நலம். அடியில் வெளிர்நிறச் சிறு சிராய்கள், பென்சில் சீவிய இடம்போலச் சிதறிக் கிடந்தால் வேலை இப்போதுதான் நடந்துள்ளது என்பது பொருள். பொந்தின் விளிம்பு புதுமரத்தின் நிறத்தில் இருந்தால் உள்ளே ஆளிருக்க வாய்ப்புண்டு. சாம்பல் பூத்திருந்தால் பழைய வீடு, குடித்தனக்காரர் வேறு. மரக்கிளையில் கரிய காகிதக் கூழ் உருண்டைபோல எறும்புக்கூடு தொங்கினால் அதையும் விடலாகாது. கீழ்மலைகளில் வாழும் செம்பழுப்பு மரங்கொத்தி அந்த எறும்புக்கூட்டையே குடைந்து உள்ளே முட்டையிடுகிறது. தான் தின்னும் எறும்புகளின் வீட்டிலேயே குடியிருந்து குடும்பம் நடத்தும் இந்த ஏற்பாட்டை, கடன் கொடுத்தவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்போர் மட்டுமே முழுமையாக உணர முடியும்.

பறவையைக் கண்டுபிடித்தாலும் அடையாளம் காண்பது தனிக்கலை. பொன்முதுகு கொண்டவை பல. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் காலில் மூன்றே விரல்கள், பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்கு நான்கு என நூல்கள் உரைக்கின்றன. இருபது மீட்டர் உயரத்தில், பாசிக்குள் புதைந்திருக்கும் காலில் விரலை எண்ணச் சொல்பவர்கள் அந்த நூல்களை மேசைமுன் அமர்ந்து எழுதியிருக்க வேண்டும். மேலும், பார்க்கப்படுகிறோம் என்று உணர்ந்தவுடன் மரத்தின் மறுபக்கத்துக்கு நழுவிவிடுவது இப்பறவையின் இயல்பு. பார்ப்பவர் மரத்தைச் சுற்றினால் அதுவும் சுற்றும். அவர் நின்றால் தலையை மட்டும் ஓரமாக நீட்டி, ஆள் போய்விட்டாரா என்று பார்க்கும். இரண்டுபேர் எதிரெதிர்ப் பக்கம் நிற்பது ஒரு தீர்வு. அப்போது ஒருவர் பார்ப்பார், மற்றவர் கடைசிவரை நம்ப மாட்டார்.

2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் ஏற, உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். இவை இரண்டையும் பெற்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இணைசேரும் காலம் தொடங்கும் ஜனவரியில், விடிவதற்கு முன்பே எழுந்து, சோலை சோலையாகத் திரிந்து ஒன்றும் காணாமல் திரும்பிய இக்கட்டுரையாளர், இறங்கும் வழியில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எதிரே காப்பித் தோட்டத்தில் உயர்ந்த மரங்கள் நிறைந்திருந்ததால், பழக்க தோஷத்தால் மீண்டும் அண்ணாந்தார். கடைக்கார அம்மாள் டம்ளரை நீட்டியபடி, "மேல என்ன சார் இருக்கு? அந்தா கீழ நிக்குது பாருங்க, தெனமும் காலையில வரும்" என்று கையைக் காட்டினார். வேலியோரத்தில், பச்சை முதுகும் செதில் செதிலான வயிறும் செந்நிற உச்சியும் கொண்ட ஆண் மரங்கொத்தி ஒன்று, மரத்தைத் திரும்பியும் பாராமல், கோழியைப் போலத் தரையில் குந்தி எறும்பு தின்றுகொண்டிருந்தது.